டென் ஹெல்டரிலிருந்து அப்பாவுக்கு

டென் ஹெல்டர், நெதர்லாந்து,
மே 5

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? கடிதம் பிந்திவிட்டது, கோபிக்காதீர்கள். மே பிறந்தும் இந்த ஊர்க் காற்று அடங்கவில்லை. சைக்கிளில் எதிர்காற்றுக்கு மிதித்து வேலைக்குப் போய்ச் சேருவதற்குள் பாதிச் சீவன் போய்விடுகிறது. வெள்ளிக்கிழமைகளில் இங்குள்ள பிள்ளையார் கோயிலுக்குத் தவறாமல் போகிறேன் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

வேலை அதேதான். வயதானவர்களின் வீட்டுக்குப் போய் இறுக்கக் காலுறை மாட்டிவிடுவது, மருந்து கொடுப்பது. அவர்களில் ஒருவர் கடற்படையில் அதிகாரியாக இருந்தவர். இங்கே ஆண்களை மரியாதையாக 'மெனேர்' என்பார்கள், நானும் அப்படித்தான் கூப்பிடுகிறேன். என் ஊர் திருகோணமலை என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். 1942இல், ஒல்லாந்தர் (இந்த நாட்டுக்காரர்) ஆண்டுவந்த ஜாவா ஜப்பானியரிடம் விழுந்த பிறகு, அவர்களின் நீர்மூழ்கிகள் கொழும்பிலும் நம் துறைமுகத்திலும் நின்றுதான் போருக்குப் போனவையாம். ஒல்லாந்தர் என்றால் நீங்கள் காட்டிய கோட்டை மட்டும்தான் எனக்குத் தெரியும்!

நேற்று மே 4, போரில் இறந்தவர்களை நினைக்கும் நாள். இரவு 8 மணிக்கு நாடே இரண்டு நிமிடம் பேசாமல் நிற்கும். அதற்குப் போகவென்று மெனேர் தன் கோட்டில் பதக்கங்களைக் குத்திவிடச் சொன்னார். நான்கையும் ஒரே சட்டத்தில் தைத்திருக்கிறார்கள், நல்ல பாரம். விரலிலும் ஒரு குத்து வாங்கினேன்.

முதலாவது, அரச விருதான ஒரான்ய-நசாவ். குறுக்காக வாள் இருந்தால் படைக்காரருக்குக் கொடுத்தது என்று அர்த்தம். அவர் கண்மூடியதும் இதை டென் ஹாகுக்கு (ஹேக் நகரத்துக்கு) திருப்பி அனுப்ப வேண்டும், பிள்ளைகள் வைத்துக்கொள்ள முடியாது. "இரவல் நகை" என்று சொல்லிச் சிரித்தார். மூன்றாவது, 30 வருடம் அதிகாரியாக இருந்ததற்கு. அதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

இரண்டாவதைத் தொட்டபோதுதான் முகம் மாறியது. அது நியூகினி சிலுவை, நியூகினித் தீவில் பணி செய்த படையினருக்கான பதக்கம். அந்தத் தீவின் மேற்குப் பாதியை ஒல்லாந்தர் 1962 வரை விடாமல் வைத்திருந்தார்கள், இந்தோனேசியா தன்னுடையது என்றது. 1962 ஜனவரி 15 இரவு, ஒல்லாந்தரின் எவர்ட்சன் என்ற கப்பல் இந்தோனேசியப் படகொன்றை மூழ்கடித்தது. அதில் இறந்த யோஸ் சுடார்சோ அங்கே தேசிய வீரர். மெனேர் எவர்ட்சனில் இல்லை, வேறொரு கப்பலில் அதே கடலில் நின்றவர், அப்போது இளம் அதிகாரி. அதே வருடம் அக்டோபரில் தீவை ஐ.நா.விடம் கொடுத்துவிட்டார்கள். "கொடுக்கத்தான் போகிறோம் என்றால் அந்தப் பையன்கள் ஏன் சாகவேண்டும்?" என்றார். இரண்டு பக்கத்துப் பையன்களையும் சேர்த்துத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். எனக்குப் பதில் வரவில்லை. நம் ஊரில் பார்த்ததெல்லாம் நினைவுக்கு வந்தது, தேத்தண்ணி போடப் போய்விட்டேன்.

கடைசிப் பதக்கம்தான் வேடிக்கை. நைமேகன் என்ற ஊரில் வருடாவருடம் நான்கு நாள் நடை நடக்கிறது. படையினர் முதுகில் 10 கிலோ சுமையோடு நாளுக்கு 40 கிலோமீட்டர் நடந்து முடித்தால் ஒரு சிலுவை, அதைச் சீருடையிலும் அணியலாம். கடற்படைக்காரருக்கு நடந்ததற்குப் பதக்கம்! கால் கொப்புளங்களைப் பற்றியே அரைமணி நேரம் கதைத்தார். இப்போது அந்தக் கால்களுக்குத்தான் நான் காலுறை மாட்டுகிறேன்.

சரி அப்பா, தம்பி உள்துறைமுகப் பக்கம் போனால் ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மெனேர் இரண்டு தரம் கேட்டுவிட்டார்.

அன்பு மகள்