வெர்னாட்சாவைத் தாங்கும் சுவர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இத்தாலியின் வெர்னாட்சா பற்றிய பயணக் கட்டுரையில் 2011 வெள்ளத்தை ‘இயற்கையின் சீற்றம்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அந்த ஊர் வரலாற்றின் பாதி அந்த வரிக்குள் இருக்கிறது.

1080-இலேயே ஆவணங்களில் அரணுள்ள ஊராகக் குறிக்கப்பட்டது, 1276-இல் ஜெனோவா குடியரசின் வசமானது, துறைமுகம், காவல் கோபுரம் எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். ஊருக்குப் பின்னால் ஏறும் செங்குத்துச் சரிவை விட்டுவிட்டீர்கள். திராட்சைக்காக அதைப் படிப்படியாக வெட்டி, மணற்கல்லை அடுக்கித் தாங்குசுவர் கட்டினார்கள். சாந்து கிடையாது.

சிக்கனத்துக்காக அல்ல. கெட்டித்தரை வரை தோண்டி, அடியில் பெரிய கற்களை வைப்பார்கள். கீழே இரண்டு கற்கள் சேரும் இடத்தை மேல்கல் மூட வேண்டும். கல்லின் நீளவாக்கு மலைக்குள் போக வேண்டும். சுவர் சற்றே மலைப்பக்கம் சாயும். முதுகுப்புறம் கல்சில்லு, அதற்கும் பின்னால்தான் மண். மழைநீர் சில்லு வழியே இறங்கி, இடுக்குகளில் கசிந்து போய்விடும். சிமெண்டால் இடுக்கை அடைத்தால் நீர் தேங்கும். ஊறிய மண் சுவரை நெருக்கும். முதலில் நடுவில் வயிறு தள்ளும். அப்போதே பிரித்துக் கட்டாவிட்டால் அடுத்த பெருமழையில் மொத்தமாக விழும்.

ஆகவே ஆண்டுதோறும் ஆள் வேண்டும். 1869-இல் பக்கத்து நகரமான லா ஸ்பெசியாவில் கடற்படைத் தளமும், 1874-இல் ரயிலும் வந்தபின் வெளியே கூலி கிடைத்தது. காலப்போக்கில் மலைக்குப் போகும் கைகள் குறைந்தன. கவனிப்பாரற்ற சுவர்களை வேர்களும் காட்டுப்பன்றிகளும் பிரித்துப்போட்டன.

2011 அக்டோபர் 25 அன்று அருகிலுள்ள புருஞ்ஞாத்தோவில் 500 மி.மீ.க்கு மேல் மழை. வெர்னாட்சாவின் முக்கியத் தெருவே மூடப்பட்ட ஓடையின் மேல்தான் போகிறது. சரிந்த மண்ணும் கல்லும் மரமும் அதை அடைக்க, வெள்ளம் தெருவில் பாய்ந்தது. சுமார் 4 மீட்டர் சேறு. ஊரில் 3 பேர் இறந்தார்கள். பின்னர் நடந்த ஆய்வுகளில், காடு மூடிய பழைய சரிவுகளைவிட, கைவிட்டு அதிக காலமாகாத படிவயல்களே அதிகம் சரிந்ததாகத் தெரியவந்தது. சுவரைப் பார்க்க ஆளில்லை. மண்ணைப் பிடிக்க மரமும் இன்னும் வளரவில்லை.

நீங்கள் ‘விளையாட்டு ரயில்’ என்று எழுதிய ஒற்றைத் தண்டவாள வண்டி, இந்தச் சரிவுகளில் அறுவடைத் திராட்சையை ஏற்றியிறக்குவதற்கானது.

பாதையோரச் சுவர்மேல் ஏறிப் படமெடுக்கலாம் என்ற யோசனையை அடுத்த இதழில் திருத்திவிடுங்கள். மேல்வரிசைக் கல் ஒன்று நகர்ந்தாலும் மழை அங்கேதான் முதலில் வழி பிடிக்கும்.

இப்படிக்கு,
ஒரு கட்டுமானப் பொறியாளர்,
திருச்சி