தியானம் தொடங்குகிறவர்களைப் பயமுறுத்த வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தியானம் பற்றி நம் நாளிதழில் அவ்வப்போது கட்டுரைகள் வருகின்றன, நல்ல விஷயம்தான். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை பல வருடம் பழகியவர்களுக்காகவே எழுதியவை போல இருக்கின்றன. மனதைக் காலியாக்குங்கள், எண்ணங்களை நிறுத்துங்கள், விடியற்காலையில் எழுந்து அரை மணி நேரம் அசையாமல் உட்காருங்கள் என்றெல்லாம் படித்துவிட்டு ஒருவர் முதல் நாள் ஆசையோடு உட்காருகிறார், ஒரு நிமிடத்துக்குள் மனம் எங்கெங்கோ ஓடிவிடுகிறது, 'சரி, நமக்கு இது வராது' என்று எழுந்துவிடுகிறார். புதிதாகத் தொடங்குகிறவர்களோடு சேர்ந்து உட்காருகிற வழக்கம் எனக்கு உண்டு. பாதியில் விட்டவர்களில் அநேகம் பேர் என்னிடம் சொன்னது இதைத்தான். கேட்கும்போதெல்லாம் வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் அவர்கள் சரியாகத்தான் செய்துகொண்டிருந்தார்கள்.

முதல் ஐந்து நிமிடத்தில் என்ன நடக்கும் என்பதை யாராவது உள்ளபடி எழுத வேண்டும். கண்ணை மூடுகிறோம். மூக்கு நுனியில் காற்று உள்ளே போகும்போது லேசான குளிர்ச்சி, வெளியே வரும்போது கொஞ்சம் வெதுவெதுப்பு. இரண்டு மூன்று மூச்சு வரை இது நன்றாகத் தெரியும். அப்புறம், பதில் போடாமல் விட்ட ஒரு செய்தி நினைவுக்கு வரும், அதற்கு என்ன எழுதலாம் என்று உள்ளுக்குள் வாக்கியம் ஓடும், அது வேறொரு ஆளிடம் கொண்டுபோய் விடும், அந்த ஆள் என்றோ சொன்ன ஒரு சுடுசொல், அதற்கு அன்றைக்கே நாம் கொடுத்திருக்க வேண்டிய பதிலடி... நடுவில் கழுத்தில் அரிப்பு வேறு. திடீரென்று, மூச்சை மறந்துவிட்டோமே என்று உறைக்கும். அந்த உறைக்கிற இடம்தான் பயிற்சி. தன்னைத் திட்டிக்கொள்ளாமல் அடுத்த மூச்சுக்கு வந்தால் போதும். ஐந்து நிமிடத்தில் இருபது தடவை மனம் ஓடி, இருபது தடவை திரும்பி வந்தால், இருபது தடவை பயிற்சி செய்ததாகத்தான் அர்த்தம். தண்டால் எடுக்கிறவர் ஒவ்வொரு தடவையும் கீழே போய்த்தான் மேலே வருகிறார், கீழே போனதை யாரும் தோல்வியாகக் கணக்கு வைப்பதில்லையே.

மனம் அலைவது எல்லோருக்கும் உள்ளதுதான். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மாத்யூ கில்லிங்ஸ்வொர்த்தும் டேனியல் கில்பர்ட்டும் 2,250 பேரிடம், நாளின் வெவ்வேறு நேரங்களில் கைபேசி வழியாக, இப்போது என்ன செய்கிறீர்கள், எதை நினைக்கிறீர்கள் என்று கேட்டார்கள். 2010-ல் வெளியான அந்த ஆய்வின்படி, ஏறக்குறைய 47 சதவீதத் தருணங்களில் கை ஒரு வேலையில் இருக்க மனம் வேறெங்கோ இருந்தது. வேலையில் இருக்கும்போதே பாதி நேரம் அலைகிற மனதை, உட்கார்ந்த முதல் நாளே நிற்கச் சொல்வது எந்த வகையில் நியாயம்?

நேர விஷயத்துக்கு வருகிறேன். தினமும் முக்கால் மணி நேரம் என்று சிலர் எழுதுவதற்கு ஒரு பின்னணி இருக்கிறது. ஜான் கபாட்-ஜின் 1979-ல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில், நாள்பட்ட வலியோடும் மன அழுத்தத்தோடும் இருந்த நோயாளிகளுக்காகத் தொடங்கிய, பல வாரம் நடக்கும் தியான வகுப்பில், வீட்டுப் பயிற்சியே ஏறக்குறைய அவ்வளவு நேரம். ஆனால் அங்கே வாராவாரம் ஆசிரியர் இருந்தார், கூட உட்காரப் பலர் இருந்தார்கள். தனியாகத் தொடங்குகிறவருக்கு ஐந்து நிமிடம் போதும், மூன்று நிமிடம்கூடப் போதும், தினமும் உட்காருகிறாரா என்பதுதான் கேள்வி. அதற்கு ஏற்கெனவே விடாமல் செய்கிற ஒரு வேலையோடு சேர்த்துவிடுவது நல்லது. பல் துலக்கி முடித்தவுடன் என்று வைத்துக்கொண்டால் தனியாக ஞாபகம் வைக்க வேண்டியதில்லை. கைபேசியில் அலாரம் வைத்து, சத்தத்தைக் குறைத்து, கவிழ்த்து வைத்துவிடுங்கள். சம்மணம் போட முடியாதவர்கள் நாற்காலியில் பாதம் தரையில் படும்படி உட்காரலாம். கால் மரத்தால் மாற்றிக்கொள்ளலாம். தூக்கம் வந்தால் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே செய்யலாம், அல்லது எழுந்து மெதுவாக நடந்து, பாதம் தரையில் பதிவதைக் கவனிக்கலாம், அதுவும் தியானம்தான்.

அப்புறம் இந்த '21 நாளில் பழக்கமாகிவிடும்' என்ற பேச்சு. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் அவருடைய குழுவினரும் சாதாரண அன்றாடப் பழக்கங்களைப் பற்றிச் செய்த ஆய்வில், ஒன்று தானாக வருவதற்குச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசம். இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பாதிப்பு இல்லை என்பதையும் அவர்கள் கண்டார்கள். ஒரு நாள் தவறிவிட்டதே என்று மொத்தத்தையும் கைவிடுகிறவர்களுக்கு இந்த ஒரு தகவல் மட்டும் சேர்ந்தாலே எவ்வளவோ நல்லது.

இன்னொன்று, இதைத் தயவுசெய்து ஒதுக்கிவிடாதீர்கள். தியானம் எல்லா நோயையும் தீர்க்கும் என்கிற தொனியில் எழுதுவது ஆபத்து. 2014-ல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில், 3,515 பேர் பங்கேற்ற 47 பரிசோதனைகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார்கள். பதற்றம், மனச்சோர்வு, வலி ஆகியவற்றில் ஓரளவு பலன் தெரிந்தது. ஆனால் மருந்தையோ உடற்பயிற்சியையோ விட மேலானது என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. ஆகவே யாரும் தியானத்தை நம்பி மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது. பழைய அதிர்ச்சி ஏதாவது உள்ளே இருக்கிறவர்களுக்குக் கண்ணை மூடி உட்கார்ந்தால் அது மேலே கிளம்பி வந்து பதற்றம் கூடுவதும் உண்டு. அப்போது பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. கண்ணைத் திறந்து, எதிரில் இருப்பதைப் பார்த்து, எழுந்துவிடலாம். அது தொடர்ந்தால் மருத்துவரிடமோ மனநல ஆலோசகரிடமோ பேச வேண்டும்.

அடுத்த முறை தியானக் கட்டுரை போடும்போது, மலையுச்சியில் பத்மாசனத்தில் இருப்பவரின் படத்துக்குப் பதிலாக, சாதாரண நாற்காலியில் காலைத் தரையில் ஊன்றி உட்கார்ந்திருக்கும் ஒருவரின் படத்தைப் போடுங்கள். மனம் ஓடும், ஓடினால் பரவாயில்லை என்பதை முதல் பத்தியிலேயே சொல்லுங்கள். மாத்திரையை நிறுத்தக் கூடாது என்கிற வரியைக் கட்டுரையின் கடைசியில் பொடி எழுத்தில் ஒதுக்காமல், கண்ணில் படுகிற இடத்தில் அச்சிடுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர்