விடுபட்டுப்போன இருபது ஆண்டுகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கொழும்பு மருதானையிலுள்ள புனித சூசையப்பர் கல்லூரியின் வரலாறு பற்றித் தங்கள் ஞாயிறு மலரில் வெளிவந்த கட்டுரையை வாசித்தேன். கல்லூரி 1896 மார்ச் 2ஆம் திகதி திறக்கப்பட்டதையும், அதற்காகப் பாடுபட்ட பேராயர் பொன்ஜீன் ஆண்டகை அதனைக் காணாமலே 1892இல் மறைந்ததையும் கட்டுரையாளர் முறையாகவே எழுதியுள்ளார். ஆண்டகை கொழும்புக்கு வருமுன் 1868 முதல் யாழ்ப்பாணத்தில் ஆயராக இருந்தவர் என்பதையும் ஒரு வரியில் சேர்த்திருக்கலாம்.

லெ கொக் அடிகளார் அதிபராக இருந்தபோது, மருதானையில் இடம் போதாமல் 1922இல் பம்பலப்பிட்டியில் ஒரு கிளை தொடங்கப்பட்டது. அதுவே இன்றைய புனித பேதுரு கல்லூரி. தாயும் பிள்ளையும் 1933 முதல் கிரிக்கெட் மைதானத்தில் மோதிவருவதற்கு அரைப் பக்கம் ஒதுக்கிய கட்டுரையாளர், அங்கிருந்து நேரே இக்காலத்துக்குத் தாவிவிட்டதுதான் என் மனக்குறை.

1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம், அரச நிதியுதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்க வழிசெய்தது. பெற்றோர் பாயும் தலையணையுமாக வகுப்பறைகளில் தங்கிக் காவல் காத்தும், பெரும்பாலான கத்தோலிக்கப் பாடசாலைகள் கைமாறின. சூசையப்பர் உள்ளிட்ட சில கல்லூரிகள் தனியார் பாடசாலைகளாகவே தொடர்வதென முடிவெடுத்தன. அந்த முடிவுக்குக் கொடுத்த விலை சிறிதன்று: அரசிடம் ஒரு சதமும் பெற முடியாது, பெற்றோரிடம் கட்டணமும் அறவிட முடியாது. பிறகு ஆசிரியர்களின் சம்பளம் எங்கிருந்து வந்தது? கட்டுரை தொட்டிருக்க வேண்டிய கேள்வி இதுதான்.

அந்நாட்களில் நான் இன்னொரு கத்தோலிக்கப் பாடசாலையில் தமிழ் மொழிமூலம் படித்துக்கொண்டிருந்தேன். பாடசாலைக்குப் பணம் திரட்டும் கானிவல் நெருங்கினால் ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் ஓர் அதிர்ஷ்டலாபச் சீட்டுப் புத்தகத்தைத் திணித்து அனுப்புவார்கள். துறைமுகத்தில் எழுதுவினைஞராக இருந்த அப்பா, அதை அலுவலகத்துக்குக் கொண்டுபோய்ச் சக ஊழியர்களின் தலையில் கட்டிவிட்டு, விலைபோகாத சீட்டுகளைத் தாமே வாங்கிக்கொள்வார். எங்களுக்கு ஒருமுறைகூடப் பரிசு விழுந்ததில்லை. அம்மாவின் பங்கு, பலகாரக் கடைக்கு ஒரு தகரம் நிறையப் பயற்றம் பணியாரம். சம்பளம் பிந்தினாலும் வகுப்புக்குப் பிந்தாத ஆசிரியர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அதிபர்களின் பெயர்ப்பட்டியல் மதிலில் பொறிக்கப்பட்டிருக்கிறது. அது எங்கும் போய்விடாது. இந்த ஆசிரியர்களும் பெற்றோரும் எந்தப் பலகையிலும் இல்லை, அவர்களை அறிந்த எங்களுக்கும் வயதாகிவிட்டது. ஆகவே, 1960களிலும் 70களிலும் கொழும்பின் கத்தோலிக்கப் பாடசாலைகளில் படித்தோரும் படிப்பித்தோரும் தம் நினைவுகளை எழுத, தங்கள் பத்திரிகை சில வாரங்களுக்கு இடமளிக்க வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன். அப்பாவின் தகரப் பெட்டியில் அந்தச் சீட்டுப் புத்தகமொன்றின் அடிக்கட்டைகள் இன்னும் இருக்கின்றன; படமெடுத்து அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
பழைய மாணவர் ஒருவர்,
கொழும்பு 13.