டென்மார்க் கிறிஸ்தவத்தைக் கைகழுவிய நாடா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐரோப்பாவில் மத நம்பிக்கை மங்கி வருவதைப் பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரை, டென்மார்க்கைக் கிறிஸ்தவத்தைக் கைகழுவிய நாடு என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. அந்நாட்டின் யூலாந்துப் பகுதியில் பல ஆண்டுகளாக வாழ்ந்து வரும் இலங்கைத் தமிழன், அதிலும் இந்து என்ற முறையில், அவ்வரியை ஏற்க முடியாமல் இதை எழுதுகிறேன்.

ஞாயிறு ஆராதனைக்கு வருவோர் மிகச் சிலர் என்பது மெய்தான். ஆனால் இங்கே திருச்சபை என்பது நம்புவோர் கூடி நடத்தும் அமைப்பு மட்டுமன்று. 1536இல் மூன்றாம் கிறிஸ்டியான் மன்னர், மார்ட்டின் லூத்தரின் வழிவந்த கிறிஸ்தவப் பிரிவான லூத்தரன் சமயத்தை நாடு முழுவதற்கும் உரியதாக்கிய காலந்தொட்டு, அது ஆட்சியோடு பிணைந்தே வந்திருக்கிறது. லூத்தரன் மதபோதகர் சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடிக்கு வந்தது டென்மார்க் மன்னர் நான்காம் பிரடெரிக்கின் ஆதரவில் என்பதை நம் வாசகர்கள் அறிவார்கள்; அடுத்த 30 ஆண்டுகளில், 1736இல், அதே அரசு தன் குடிமக்களுக்குத் திடப்படுத்தல் சடங்கை, அதாவது திருமுழுக்குப் பெற்ற பிள்ளைகள் வளர்ந்தபின் தம் விசுவாசத்தை உறுதிசெய்யும் சடங்கை, சட்டப்படி கட்டாயமாக்கியது. மதச் சுதந்திரம் வழங்கிய 1849ஆம் ஆண்டு அரசியலமைப்பும், லூத்தரன் திருச்சபையே டேனிய மக்களின் திருச்சபை என்றும் அரசு அதனை ஆதரிக்கும் என்றும் எழுதி வைத்தது. அந்த விதி இன்றும் நீக்கப்படவில்லை.

இதன் விளைவுகளை நாங்கள் அன்றாடம் காண்கிறோம். தென் யூலாந்து நீங்கலாக நாடெங்கும், எங்களைப் போன்றோர் வீட்டில் பிறக்கும் குழந்தைக்கு முருகன் பெயரையோ அம்மன் பெயரையோ சூட்டி இணையவழியில் விண்ணப்பித்தால், அதைச் சரிபார்த்துப் பதிவேட்டில் ஏற்றுவது அந்தந்த ஊர்த் தேவாலயத்தின் அலுவலகம்தான். கல்லறைத் தோட்டங்களில் பெரும்பாலானவையும் திருச்சபையின் பொறுப்பில் உள்ளன. போதகர்களின் ஊதியத்தில் நூற்றுக்கு 40 பங்கை அரசே தருகிறது. எஞ்சிய செலவு பெரிதும் உறுப்பினர் செலுத்தும் தேவாலய வரியைச் சார்ந்தது. 1990இல் மக்களில் நூற்றுக்கு 89 பேர் உறுப்பினராக இருந்தனர். இன்று அது ஏறத்தாழ 70 ஆகக் குறைந்திருப்பது பெரிய சரிவுதான். ஆயினும், விரும்பினால் எளிதில் விலகி வரியை மிச்சப்படுத்தலாம் என்றிருக்கும்போதும் இத்தனை பேர் விலகாமல் இருப்பதைக் கட்டுரையாளர் ஏன் எண்ணிப் பார்க்கவில்லை?

என்னைக் கேட்டால், இத்திருச்சபையின் மெய்யான குறை காலி இருக்கைகளில் இல்லை. தன் காரியத்தைத் தானே தீர்மானிக்க இயலாத நிலையில்தான் இருக்கிறது. 1947இல் பெண்கள் போதகராக வழி திறந்ததும், 2012இல் ஒருபாலினத் தம்பதியர் தேவாலயத்தில் மணமுடிக்க இடமளித்ததும் நாடாளுமன்றமே. அவ்விரண்டு முடிவுகளையும் நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் அதே நாடாளுமன்றம் 2023இல், பாதுகாப்புச் செலவுக்குப் பணம் வேண்டும் என்று சொல்லி, 1686 முதல் கடைப்பிடிக்கப்பட்டு வந்த பெரிய மன்றாட்டு நாள் விடுமுறையை நீக்கியது. ஈஸ்டருக்குப் பின் வரும் நான்காம் வெள்ளிக்கிழமை அது. முன்தினம் மாலை ஏலக்காய் மணக்கும் கோதுமை ரொட்டியை வாட்டி வெண்ணெய் தடவி உண்பார்கள். மறுநாள் பல ஊர்களில் பிள்ளைகளின் திடப்படுத்தல் நடக்கும். பேராயர்கள் எதிர்த்தார்கள், தொழிற்சங்கங்கள் தலைநகரில் பல்லாயிரம் பேரைத் திரட்டின, எதுவும் பலிக்கவில்லை.

திருச்சபைக்கெனத் தனி ஆட்சியமைப்பு சட்டத்தின் வழியே வகுக்கப்படும் என்று 1849இலேயே வாக்களிக்கப்பட்டது. அதற்கென அமைந்த குழு 2014இல் அறிக்கை அளித்தும், கட்சிகள் உடன்படாததால் அந்த வாக்குறுதி இன்னமும் நிறைவேறவில்லை. டென்மார்க்கைப் பற்றி மீண்டும் எழுத நேரும்போது இவற்றையும் வாசகர் முன் வைக்குமாறு தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
யூலாந்து, டென்மார்க்.