ஆர்கேட் பெட்டிக்குக் கார் பளபளப்பு எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் பழைய ஆர்கேட் விளையாட்டுப் பெட்டிகளை வாங்கிப் புதுப்பிக்கும் பொழுதுபோக்கு பற்றி, தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் சென்ற வாரம் வெளியான கட்டுரையை ஆவலோடு படித்தேன். காசு போட்டு, நின்றபடியே விளையாடும் அந்த ஆளுயரப் பெட்டிகளைப் பற்றித் தமிழில் ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியதற்கு முதலில் என் நன்றி. ஆனால் பெயின்ட் வேலை பற்றி அதில் சொல்லப்பட்டிருந்தவற்றில் ஒன்று தகவல் பிழையாகவும், ஒன்று படிப்பவரின் உடலுக்கே ஆபத்தாகவும் இருப்பதால் இந்தக் கடிதத்தை எழுத வேண்டியதாயிற்று. இன்னொன்று ரசனையைப் பொறுத்தது. ஆனாலும் அதைப் பற்றித்தான் அதிகம் எழுதப்போகிறேன் என்பதை இப்போதே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

என் தந்தையார் கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் பெயின்டராக இருந்தவர். பள்ளி விடுமுறை நாட்களில் அவருடன் போய்ப் பட்டி பார்க்கவும், தண்ணீர் தொட்டு உப்புத்தாள் போடவும், டேப் ஒட்டிக் கோடு பிரிக்கவும் கற்றுக்கொண்டேன். படித்து வேறு வேலைக்குப் போய், 25 ஆண்டுகளாகச் சிகாகோவின் மேற்குப் புறநகரில் வசித்துவரும் எனக்கு, அந்தக் கைப்பழக்கம் இந்தப் பெட்டிகளின் வழியாகத்தான் திரும்பக் கிடைத்தது. இந்தப் பெட்டிகளைத் தயாரித்த மிட்வே நிறுவனம் இங்கே ஃபிராங்க்ளின் பார்க்கிலும், வில்லியம்ஸ் நிறுவனம் சிகாகோ நகருக்குள்ளும் இயங்கியவை. அதனால் இந்தப் பக்கத்து வீடுகளின் நிலவறைகளிலும், மூடிய மதுக்கடைகளின் பின்கட்டுகளிலும் இவை இன்னும் அகப்படுகின்றன. இதுவரை 11 பெட்டிகளுக்கு என் கையால் பெயின்ட் அடித்திருக்கிறேன். அவற்றில் நான்கைத்தான் ஒழுங்காகச் செய்தேன் என்று சொல்வேன்.

தகவல் பிழையை முதலில் முடித்துவிடுகிறேன். டாங்கி காங் என்ற விளையாட்டின் சிவப்பு நிறப் பெட்டி ஒன்றின் படத்தைப் போட்டு, அதன் உரிமையாளர் தவறான நிறத்தை அடித்துவிட்டதாகவும் அசல் நிறம் வெளிர் நீலம் என்றும் கட்டுரையாளர் குறிப்பிட்டிருந்தார். வெளிர் நீலப் பெட்டிகள்தான் பெரும்பான்மை என்பது உண்மையே. ஆனால் அதை வெளியிட்ட நிண்டெண்டோ நிறுவனத்தின் அமெரிக்கக் கிளை, ரேடார் ஸ்கோப் என்ற முந்தைய விளையாட்டின் பெட்டிகளைச் சுமார் 3,000 தருவித்து, அவற்றில் ஏறக்குறைய ஆயிரத்தை மட்டுமே விற்க முடிந்து கையைப் பிசைந்துகொண்டிருந்தது. தேங்கி நின்றவற்றுக்குள் இருந்த சர்க்யூட் போர்டுகளை மாற்றி 1981இல் சந்தைக்கு விட்டபோதுதான் டாங்கி காங் பிறந்தது. அந்த ரேடார் ஸ்கோப் பெட்டிகளின் நிறம் சிவப்பு. ஆகவே, அமெரிக்காவில் முதன்முதலில் விற்ற டாங்கி காங் பெட்டிகள் சிவப்பானவை. தங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு யாராவது ஒருவர் அத்தகைய பெட்டியை ‘அசல் நீலத்துக்கு’ மாற்றக் கிளம்பினால், அந்தப் பிழை தாளோடு நிற்காது, பலகையில் ஏறிவிடும்.

இனி ரசனை. பக்கவாட்டுப் பலகையில் முகம் தெரிய வேண்டும், ஷோரூமில் நிற்கும் காரைப் போல மின்ன வேண்டும் என்று கட்டுரை அறிவுறுத்தியது. இந்தப் பெட்டிகள் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தபோது அப்படி இருந்ததில்லை. ப்ளைவுட்டிலோ மரத்தூள் பலகையிலோ செய்து, ஸ்பிரே கன்னால் விரைவாக அடித்து, கடைக்கு அனுப்பி, கால் டாலர் காசுகளைச் சம்பாதிக்க விட்ட சாமான்கள் இவை. வழவழப்பு ஓரளவு இருக்கும். கண்ணாடிப் பளபளப்பு இருக்காது. மேலும், 1980இல் மிட்வே வெளியிட்ட மஞ்சள் நிறப் பேக்-மேன், வில்லியம்ஸின் டிஃபெண்டர், 1982இல் வந்த ரோபோட்ரான், ஜவுஸ்ட் ஆகிய பெட்டிகளின் பக்கவாட்டில் இருக்கும் படங்கள் ஸ்டிக்கர்கள் அல்ல. லாரியின் பின்பக்கத்தில் எண்களைத் தகடு வைத்து அடிப்பார்களே, அதே முறையில் நிறத்துக்கொன்றாக ஸ்டென்சில் வைத்து நேரடியாகப் பெயின்ட் அடிக்கப்பட்டவை. ஆயிரக்கணக்கில் வேகமாக அடித்ததால், தகடு பலகையில் சரியாகப் பதியாத இடங்களில் நிறம் விளிம்புக்கு அடியில் புகுந்து மெல்லிய புகை போலப் படர்ந்திருக்கும். இரண்டு நிறங்கள் சந்திக்கும் இடத்தில் சில பெட்டிகளில் நூலளவு இடைவெளி தெரியும். சிலவற்றில் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். எங்கள் பக்கத்து ப்ரூக்ஃபீல்டில் உள்ள கேலப்பிங் கோஸ்ட் ஆர்கேடிலோ, நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து லக்கோனியாவில் ஃபன்ஸ்பாட் வளாகத்துக்குள் இருக்கும் அருங்காட்சியகத்திலோ பழைய பெட்டிகளின் அருகே குனிந்து பார்ப்பவர்கள், நான் சொல்லும் வேறுபாட்டைத் தாங்களே கண்டுகொள்ளலாம்.

எல்லாப் பெட்டிகளும் இப்படி என்று நான் சொல்ல வரவில்லை. அட்டாரியின் சென்டிபீட் போன்றவற்றில் பக்கவாட்டுப் படம் அச்சிட்ட வினைல் (பிளாஸ்டிக்) தாளாகவே ஒட்டப்பட்டது. அங்கே நகல் வினைலை ஒட்டுவதில் குற்றம் எதுவுமில்லை. மின்னத்தான் வேண்டும் என்று ஆசைப்படுபவர்களுக்கும் ஒரு பெட்டி உண்டு. 1971இல் நட்டிங் அசோசியேட்ஸ் வெளியிட்ட கம்ப்யூட்டர் ஸ்பேஸ், கண்ணாடியிழையில் வளைவு வளைவாக வார்க்கப்பட்டு, உலோகத் துகள் கலந்த வண்ணத்தில் ஜரிகைப் புடவை போல ஜொலித்தது. அது ஆயிரத்து ஐந்நூறு அளவில்தான் செய்யப்பட்டது. நமக்கு அகப்படப்போவதில்லை!

எனக்கு இந்தப் பிடிவாதம் வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், சலவைக் கடை ஒன்றை மூடியவரிடமிருந்து, யாருக்கும் தெரியாத ஒரு குத்துச்சண்டை விளையாட்டின் பெயர்ப்பலகை மாட்டிய கறுப்புப் பெட்டியை அடிமாட்டு விலைக்கு வாங்கினேன். 1983ஐ ஒட்டி இந்தத் தொழில் படுத்தபோது, பெட்டிகளை வைத்திருந்தவர்கள் புதியது வாங்கப் பணமில்லாமல், பழைய பெட்டிக்குக் கறுப்புப் பெயின்டை ரோலரால் உருட்டி, உள்ளே வேறு விளையாட்டின் போர்டைப் பொருத்திக் காலத்தை ஓட்டினார்கள். அந்த அவசரக் கறுப்பு, உப்புத்தாள் போடாமல் அடிக்கப்பட்டதால் கீழே உள்ள பெயின்டோடு சரியாகப் பிடித்திருக்காது. உள்ளங்கையளவு இடத்தில் மென்மையான கரைப்பானைத் தடவி, நான்கு நிமிடம் பொறுத்து, உலோகத் தகட்டுக்குப் பதிலாகப் பழைய பிளாஸ்டிக் கடன் அட்டை ஒன்றால் மெதுவாக வழித்தேன். கறுப்பு, பாலாடை போலச் சுருண்டு வந்தது. அடியில் மஞ்சள், மஞ்சளுக்குள் ஒரு கறுப்புக் கோடு, இன்னும் இரண்டு விரல் தூரம் வழித்ததும் ஒரு கண். பேக்-மேன் என்னை முறைத்துக்கொண்டிருந்தது. ஒரு பக்கத்தை முழுமையாக வெளிக்கொணர ஆறு வார இறுதிகள் ஆயின. இடது மூலையில் யாரோ சாவியால் கீறிய காதலர் பெயர்கள்கூட அப்படியே இருந்தன. முழுவதையும் மெஷின் போட்டுத் தேய்த்துவிட்டுப் புதிதாக அடியுங்கள் என்று தங்கள் கட்டுரை சொல்லும் வழியில் நான் போயிருந்தால், அரை நாளில் அந்தக் கண் தூசியாகியிருக்கும்.

அந்தப் பெட்டியின் மறுபக்கம் அவ்வளவு அதிர்ஷ்டம் செய்திருக்கவில்லை. சலவைக் கடைத் தரையைக் கழுவிய தண்ணீர் பல ஆண்டுகள் ஊறி, மரத்தூள் பலகையின் கீழ் நான்கு அங்குலம் ஊறவைத்த ரொட்டி போல உப்பிப்போயிருந்தது. இப்படி உப்பிய பலகைக்கு மேல் பட்டி வைப்பது வீண் வேலை. கெட்ட பகுதியை நேர்க்கோட்டில் அறுத்தெடுத்து, அதே கனத்தில் நல்ல பலகையைப் பசையும் குச்சியும் வைத்துச் சேர்த்த பிறகுதான், டிங்கரிங் கடைகளில் பயன்படுத்தும் இரு பாகப் பட்டியை இணைப்பின்மேல் இழுக்க வேண்டும். 120ஆம் எண் உப்புத்தாளில் தொடங்கி 220 வரை வந்து, பிறகு பிரைமர். பலகையின் வெட்டு விளிம்பு பெயின்டைப் பஞ்சு போல உறிஞ்சும் என்பதால், அதற்கு மட்டும் முதலில் அரக்குக் கரைசல் இரண்டு கோட் கொடுத்தால் நல்லது. பிரைமர் காய்ந்ததும் விளக்கைப் பலகைக்கு இணையாகப் படுக்க வைத்துப் பாருங்கள். நேர்வெளிச்சத்தில் ஒளிந்துகொண்ட பள்ளமெல்லாம் நிழல் விழுந்து காட்டிக்கொடுத்துவிடும். என் தந்தையார் பெட்ரோமாக்ஸ் வைத்துப் பஸ்ஸின் பக்கத் தகட்டை இப்படித்தான் பார்ப்பார். விளிம்பைச் சுற்றி ஓடும் டி வடிவப் பிளாஸ்டிக் பட்டை உட்காரும் காடியில் பட்டியோ பெயின்டோ அடைத்துக்கொண்டால் கடைசியில் பட்டை ஏறாது என்பதை மட்டும் இங்கே சேர்த்துவிடுகிறேன்.

நிறத்தைப் பொருத்துவதில் பலரும் ஏமாறுவது, கண்ணுக்குத் தெரியும் இடத்து நிறத்தை நம்புவதால்தான். வெயிலும் பல ஆண்டு சிகரெட் புகையும் பட்ட பலகை தன் நிறத்தில் இருப்பதில்லை. காசுக் கதவைக் கழற்றினால் அதன் சட்டத்துக்கு அடியிலும், கட்டுப்பாட்டுப் பலகை மூடியிருந்த விளிம்பிலும் வெளிச்சமே படாத பெயின்ட் இருக்கும். அங்கிருந்து நாணயமளவு சில்லு ஒன்றை எடுத்துப் பெயின்ட் கடையின் நிறமறியும் கருவியில் வைக்கச் சொன்னால் மிக நெருங்கிய கலவை கிடைக்கும். மறுபக்கத்துக்கு நான் அப்படித்தான் மஞ்சள் வாங்கினேன்.

வாங்கிய பிறகுதான் என் அவசரம் குறுக்கே வந்தது. மஞ்சள் அடித்து மூன்றாம் நாள், தொட்டால் ஒட்டவில்லை என்ற தைரியத்தில், அதன்மேல் ஸ்டென்சில் தாளை ஒட்டி அடுத்த நிறத்தை அடித்தேன். பெயின்ட் காய்வது வேறு, இறுகுவது வேறு என்பது பஸ் பட்டறையில் வளர்ந்த எனக்குத் தெரியாததல்ல. தாளை உரித்தபோது மஞ்சளும் கூடவே அங்கங்கே தோசை பிய்வதுபோல வந்துவிட்டது. திரும்பவும் தேய்த்து, பட்டி பார்த்து, மஞ்சள் அடித்து, இந்த முறை மூன்று வாரம் பெட்டியைத் தொடாமல் விட்டேன். ஸ்டென்சிலை ஒட்டியதும் அதன் விளிம்பு முழுவதும் முதலில் அடித்தள மஞ்சளையே மெல்லியதாக ஒரு தூவல் தூவினால், கசிய வேண்டியது மஞ்சளாகவே கசிந்து விளிம்பை அடைத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு அடிக்கும் நிறம் உள்ளே புகாது. அப்படிச் செய்ததில் கோடுகள் கத்தி போல வந்தன. பழைய பக்கத்தோடு ஒப்பிட்டால் அளவுக்கு மீறிய கூர்மை. ஆகவே கடைசி நிறத்துக்கு அந்தத் தூவலை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். கொஞ்சம் புகை படர்ந்தது. நண்பர்கள் சிலர் அதைக் கைப்பிசகு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இனி ஆபத்து. கார்களுக்கு நிறத்தின்மேல் பளபளப்புக்காக அடிக்கும் நிறமற்ற பூச்சான இரு பாக க்ளியர் கோட்டை வீட்டுக் கராஜில், சாதாரண முகக்கவசம் அணிந்து அடித்துக்கொள்ளலாம் என்று கட்டுரை எழுதியிருப்பது திருத்தப்பட வேண்டியது. பூச்சை இறுக வைக்க அதில் கலக்கும் ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. அதன் தூவலைச் சுவாசித்தால் ஆஸ்துமா வரக்கூடும். ஒருமுறை உடல் அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால், பிறகு சிறிதளவு பட்டாலும் மூச்சு முட்டும். துணிக் கவசம் இதற்குப் பயன்படாது. வெளிக்காற்றைக் குழாய் வழியாகத் தரும் கவசமும், காற்றை வெளியேற்றும் தனி அறையும் உள்ள தொழில்முறைப் பட்டறைக்குரிய பொருள் அது. நான் மேலே சொன்ன காரணத்தால் இந்தப் பெட்டிகளுக்கு அது தேவையும் இல்லை. அதோடு, அமெரிக்காவில் வீட்டுப் பயன்பாட்டுப் பெயின்டில் ஈயத்துக்குத் தடை வந்தது 1978இல்தான் என்பதால், பழைய பெயின்டை உலர்வாகத் தேய்க்கும்போது குழந்தைகளை அருகில் விடக் கூடாது. தண்ணீர் தொட்டுத் தேய்ப்பதே நல்லது. தேய்க்கத் தொடங்கும் முன் பெட்டிக்குள் இருக்கும் படக்குழாயைக் கழற்றுபவர்களும் கவனிக்க வேண்டும். மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் அதில் ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கக்கூடும். அந்த மின்னேற்றத்தை முறையாக இறக்கத் தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் கை வைக்க வேண்டாம்.

க்ளியர் கோட் பற்றிய திருத்தத்தை மட்டுமாவது அடுத்த ஞாயிறு இணைப்பில், கட்டுரை வந்த அதே பக்கத்தில், கண்ணில் படும் அளவில் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன். சிவப்பு டாங்கி காங் பற்றிய குறிப்புக்கும் இடமிருந்தால் மகிழ்ச்சி. படத்தில் உள்ள பெட்டியின் உரிமையாளரைத் தங்கள் கட்டுரையாளருக்குத் தெரியும் என்றால், அவர் அதற்கு நீலம் வாங்கும் முன் காசுக் கதவைக் கழற்றி அடியில் என்ன நிறம் இருக்கிறது என்று ஒருமுறை பார்க்கச் சொல்லவும்.

இப்படிக்கு,
கரூரிலிருந்து சிகாகோ வந்த வாசகர் ஒருவர்