நியூட்ரல் கம்பியை மாற்றித் தரக் கோரி நான்காவது மனு

அனுப்புநர்
மாவு அரைக்கும் வீட்டுக்காரி, மற்றும் 14 வீட்டார்,
வாய்க்கால்கரைத் தெரு,
புளியரை வழி, செங்கோட்டை வட்டம்.

பெறுநர்
உயர்திரு செயற்பொறியாளர் அவர்கள்,
மின் பகிர்மானக் கோட்ட அலுவலகம்.

பொருள்: எங்கள் தெருவில் மூன்றாவது கம்பத்துக்கும் நான்காவது கம்பத்துக்கும் நடுவில் அறுந்து அறுந்து முறுக்கப்பட்டிருக்கும் நியூட்ரல் கம்பியை மாற்றித் தரக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். முதல் மனுவை வைகாசியில் பிரிவு அலுவலகத்தில் கொடுத்தோம். இரண்டாவதை ஆனியில் கொடுத்தோம். மூன்றாவதை ஆடியில், சாரல் விடாமல் பெய்த ஒரு நாளில், நனையாமல் இருக்கப் பாலித்தீன் கவரில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தோம். மூன்றுக்கும் முத்திரை குத்திய நகல் எங்களிடம் இருக்கிறது, பதில்தான் வரவில்லை. யார் மேலும் கோள் சொல்வதற்காக இதை எழுதவில்லை. அங்கே நடக்காததால் தங்களிடம் வந்திருக்கிறோம், அவ்வளவுதான்.

எங்கள் பகுதி தங்களுக்குப் புதிதல்ல. கோட்டைவாசலுக்கு ஏறும் லாரிகள் எஸ் வளைவுக்கு முன்னால் வரிசை கட்டி நிற்கிற இடத்திலிருந்து கீழே இறங்கி, வாய்க்காலைத் தாண்டினால் தென்னந்தோப்பை ஒட்டி எங்கள் தெரு. போன வருஷம் தென்னை சாய்ந்து கம்பம் முறிந்தபோது தாங்களே ஜீப்பில் வந்து நின்ற இடம். அன்றைக்குப் புதுக் கம்பம் போட்டார்கள், அதற்கு நன்றி. கம்பி மட்டும் பழையதையே இழுத்துக் கட்டினார்கள். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

1. டிரான்ஸ்பார்மரிலிருந்து எங்கள் தெருவுக்கு ஏழு கம்பம். மூன்றாவதற்கும் நான்காவதற்கும் நடுவில், கரண்ட் திரும்பிப் போகிற நியூட்ரல் கம்பியில் மூன்று ஒட்டு இருக்கிறது, மூன்றும் கையால் முறுக்கியது. ஆரியங்காவு கணவாய் வழியாக வைகாசி முதல் ஆவணி வரை அடிக்கிற காற்றைப் பற்றித் தங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் காற்றுதான் சுரண்டைப் பக்கம் காற்றாலையைச் சுற்றிக் கரண்ட் கொடுக்கிறது. எங்களுக்கு வருகிற கரண்டைக் கெடுப்பதும் அதே காற்றுதான். ஒட்டு தளர்கிறது, பொறி பறக்கிறது, விடுகிறது, மறுபடி தொடுகிறது.

2. நியூட்ரல் விட்டால் என்ன ஆகும் என்பது தங்கள் படிப்பு. இருந்தும், "வோல்டேஜ் கூடுறதும் குறையுறதும் எல்லா ஊர்லயும் இருக்கிறதுதான்" என்று பிரிவு அலுவலகத்தில் சொல்லி அனுப்பிவிட்டதால் எழுதுகிறேன். வயர்மேன் எனக்குப் புரியும்படி சொன்னது இது. ஒரு வீட்டுக்கு வர வேண்டியது 230 வோல்ட். அதில் 6 சதவீதம் ஏறலாம், இறங்கலாம், அதாவது 216 முதல் 244 வரை. நியூட்ரல் விட்டுப்போனால் ஒரு பேஸில் இருக்கிற வீடும் இன்னொரு பேஸில் இருக்கிற வீடும் 400 வோல்ட்டைத் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொள்ளும். மோட்டாரும் அயர்ன் பாக்ஸும் ஓடுகிற வீட்டுக்குக் கொஞ்சம்தான் கிடைக்கும். ஒரு பல்பும் டிவியும் மட்டும் போட்டிருக்கிற ஏழை வீட்டுக்கு மிச்சம் அத்தனையும் போய்ச் சேரும். ஆடியில் ஒரு ராத்திரி வயர்மேன் மீட்டர் வைத்துப் பார்த்தபோது எங்கள் வீட்டில் 320, எதிர் வீட்டில் 90. மூன்று ஃபிரிட்ஜ், இரண்டு டிவி, ஒரு கிணற்று மோட்டார், பல்புகள் கணக்கில்லை. பட்டியல் இணைத்திருக்கிறோம். நஷ்டஈடு கேட்டு இந்த மனு இல்லை. கம்பிதான் கேட்கிறோம்.

3. ஆனி மாதம் பள்ளிக்கூடத்தில் பாதுகாப்புக் கூட்டம் போட்டு, கேஸையும் கரண்டையும் வீட்டில் எப்படிப் பாதுகாப்பாகப் பயன்படுத்துவது என்று நோட்டீஸ் கொடுத்தார்கள். நல்ல நோட்டீஸ். நான் வாசித்து, தெருப் பெண்களுக்கும் வாசித்துக் காட்டினேன். சொன்னதையெல்லாம் செய்துமிருக்கிறோம். அடுப்பின் ரப்பர் குழாயில் அச்சடித்திருந்த தேதியைப் பார்த்து, ஐந்து வருஷம் தாண்டியதையெல்லாம் மாற்றினோம். சிலிண்டர் வாங்கும்போது கைப்பிடிப் பக்கம் ஏ, பி, சி, டி என்று ஓர் எழுத்தும் வருஷமும் இருக்கிறதே, அது அடுத்த சோதனைக்கு உரிய காலம், ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், டி என்றால் அக்டோபர் முதல் டிசம்பர் என்று தெரிந்துகொண்டு, காலம் கடந்ததைத் திருப்பி அனுப்புகிறோம். மூடியைக் கழற்றியதும் உள்ளே ரப்பர் வளையம் இருக்கிறதா என்று பார்க்கிறோம். வாடை வந்தால் தீக்குச்சி கிழிக்காமல், சுவிட்ச் தொடாமல், ரெகுலேட்டரை மூடிவிட்டுக் கதவு ஜன்னலைத் திறக்க வேண்டும், 1906 என்ற எண்ணுக்குப் போன் போட வேண்டும் என்பது இப்போது சின்னப் பிள்ளைகளுக்கே பாடம். ஈரக்கையோடு பிளக் பிடுங்குவதில்லை. இரண்டு பின் பிளக்கைத் தூக்கிப் போட்டுவிட்டு மூன்று பின் வாங்கினோம்.

எங்கள் பக்கத்துத் தப்பும் இருந்தது, ஒப்புக்கொள்கிறோம். வீடு கட்டும்போது வயரிங் செய்த ஆள் எர்த் குழி தோண்டாமல், போர்டுக்குள்ளேயே எர்த்தை நியூட்ரலோடு சேர்த்து முறுக்கிவிட்டுப் போயிருக்கிறார். தெருவில் பாதி வீட்டில் அதே கதை. இன்னும் சிலர் அப்படி நியூட்ரலோடு முறுக்கிய எர்த்தைத் தண்ணீர்க் குழாயிலும் கட்டியிருந்தார்கள். நியூட்ரல் அறுந்தால் அந்தத் தெருக்குழாய் முழுக்கக் கரண்ட் ஏறும் என்பது யாருக்குத் தெரியும்? குடம் வைக்கப் போனவர்களுக்குக் கையில் சுர்ரென்று ஏறியபோது தெரிந்தது. நான் வீடு வீடாகப் போய்ச் சண்டை போட்டு அதை அவிழ்க்க வைத்தேன். ஐந்து வீட்டில் கரியும் உப்பும் போட்டுத் தனி எர்த் குழி தோண்டியாகிவிட்டது. மற்றவர்கள் சீட்டுப் பணம் எடுத்துத் தோண்டுவார்கள்.

நோட்டீஸில் சொன்ன எங்கள் பங்கு இவ்வளவும் முடிந்தது. கம்பத்தில் இருக்கிற பங்கு யாருடையது ஐயா?

4. இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும். எழுத உட்கார்ந்தால் கை இதை விட்டு விட்டுப் போகிறது.

நான் மாவு அரைத்து விற்கிறவள். புளியரைச் சாலை டீக்கடைகளுக்கும் ஹோட்டல்களுக்கும் நாளுக்கு இருபது கிலோ அரிசிக்குக் குறையாது. (வீட்டு இணைப்பில் வியாபாரம் செய்கிறாள் என்று சொல்லி என் வாயை அடைக்க வேண்டாம். கடை இணைப்பு தனியாக வாங்கித்தான் கிரைண்டர் ஓடுகிறது. ரசீது இருக்கிறது.) வைகாசியில் ஒரு சாயங்காலம், காற்று ஆரம்பித்த சமயம், என் அத்தை கிரைண்டரில் உளுந்து மாவைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார்கள். வயது அறுபத்தெட்டு. மூன்றாவது கம்பத்தில் நியூட்ரல் விட்டது. போர்டில் எர்த்தும் நியூட்ரலும் ஒன்றாக இருந்ததால் கிரைண்டர் பாத்திரம் முழுக்கக் கரண்ட். கை ஈரம், தரை ஈரம். கை ஒட்டிக்கொண்டது. கத்தவும் முடியவில்லை, வாய் மட்டும் கோணியது. நான் தொட ஓடினேன். பள்ளி விடுமுறையில் வீட்டிலிருந்த என் மகள், "தொடாதம்மா" என்று கத்திக்கொண்டே வாசலுக்கு ஓடி மெயின் சுவிட்சை இறக்கினாள். அத்தை பிழைத்தார்கள். ஐந்து மாதம் ஆகியும் வலது கையில் இரண்டு விரல் மரத்தே கிடக்கிறது. சோறு பிசைய வரவில்லை, கரண்டியால் சாப்பிடுகிறார்கள்.

அதற்கப்புறம் எர்த் குழி தோண்டினோம். எங்கள் பக்கம் இரண்டரை முழம் போனாலே பாறை, அதற்கு மேல் இறங்கவில்லை. கரண்ட் கசிந்தால் தானாக லைனை நிறுத்துகிற ஈஎல்சிபி பெட்டி வாங்கி மாட்டினோம். ஆனியில் வோல்டேஜ் ஏறிய ராத்திரி அது கருகியது. இன்னொன்று வாங்கினோம். ஆடியில் அதுவும் போனது. உயிரைக் காக்க வைத்த பெட்டியே உயிரை விட்டால் என்ன செய்வது? மூன்றாவது வாங்கக் காசில்லை, வாங்கினாலும் எத்தனை நாளைக்கு? கிரைண்டர் மோட்டாருக்கு இரண்டு தடவை காயில் கட்டியாகிவிட்டது. கட்டியும் கசிவு முழுக்கப் போகவில்லை, டெஸ்டர் வைத்தால் இலேசாக எரிகிறது. புது மோட்டார் போடு என்பீர்கள். போடுகிறேன். கம்பி மாறட்டும், மறுநாளே போடுகிறேன். இந்தக் கம்பியை நம்பிப் புது மோட்டார் எப்படிப் போடுவது?

இப்போது மாவு அரைப்பதை விடியற்காலை மூன்றரை மணிக்கு மாற்றிக்கொண்டேன். காற்று கொஞ்சம் அடங்குகிற நேரம் அது. என் வீட்டுக்காரர் பாவூர்சத்திரம் சந்தையிலிருந்து காய்கறி ஏற்றிக்கொண்டு மலையாளத்துக்குப் போகிறவர், இரண்டு மணிக்கே கிளம்பிவிடுவார். ஆகவே என் மகள்தான் எழுந்து வருகிறாள். பிளஸ் டூ படிக்கிறாள். நான் அடுப்படியில் மரப்பலகை மேல், ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு நின்று அரைக்கிறேன். அவள் வாசலில் மெயின் சுவிட்ச் மேல் கை வைத்துக்கொண்டு நிற்கிறாள். அங்கிருந்து பார்த்தால் நான் தெரியமாட்டேன். அதனால் அவள் கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை "அம்மா" என்பாள். நான் "ம்" சொல்ல வேண்டும். "ம்" வராவிட்டால் சுவிட்சை இறக்கிவிட்டுத்தான் உள்ளே ஓடிவர வேண்டும். இதுதான் எங்கள் வீட்டு ஏற்பாடு. ஐந்து மணி வரைக்கும் இப்படி. ஒரு நாள் கிரைண்டர் சத்தத்தில் என் "ம்" அவளுக்குக் கேட்கவில்லை. இறக்கிவிட்டு இருட்டில் ஓடிவந்து என்னைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் நன்றாகத்தான் இருந்தேன். அன்றைக்குப் பாதி மாவு திப்பித் திப்பியாகப் போய்விட்டது, அது போகட்டும்.

ஒரு கை சுவிட்சில் இருக்கும், இன்னொரு கையில் இயற்பியல் புத்தகம் இருக்கும். அதில் மின்னோட்டவியல் என்று ஒரு பாடம் இருக்கிறது. அதைப் படித்த அன்றைக்கு மட்டும் சிரித்தாள்.

பள்ளிக்கூடத்தில் தூங்கி விழுகிறாள் என்று டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார். என்ன பதில் சொல்ல? ஐயா, ஈஎல்சிபி செய்ய வேண்டிய வேலையை என் பிள்ளை செய்கிறாள் என்றா?

5. கேஸ் வாடை வந்தால் சுவிட்சைத் தொடாதே என்கிறது நோட்டீஸ். நாங்கள் தொடுவதில்லை. நியூட்ரல் ஆடும்போது லைட் தானாக மின்னுகிறதே, ஃபிரிட்ஜ் தானாக நின்று நின்று ஓடுகிறதே, அதற்கு யார் சொல்வது? கேஸ் காற்றைவிடக் கனமானது, கீழே படியும். ஃபிரிட்ஜ் மோட்டாரைக் கிளப்பும்போது பொறி தெறிக்கிற ரிலேயும் கீழேதான் இருக்கிறது.

6. லைன்மேன் தம்பி நல்லவர். போன் போட்டால் மழையிலும் வருகிறார். வந்து ஏறி முறுக்கிவிட்டு, "அக்கா, கம்பி வந்தாத்தான் மாத்த முடியும்" என்கிறார். இரண்டு பிரிவுக்கு அவர் ஒரு ஆள். அவர் மேல் எங்களுக்கு வருத்தமில்லை. உள்ளே உட்கார்ந்திருப்பவர்களைக் கேட்டால் எஸ்டிமேட் போட்டாயிற்று என்றார்கள் ஆனியில். ஆடியில் மெட்டீரியல் வரவில்லை என்றார்கள். புரட்டாசியில், எந்தத் தெரு என்று கேட்டார்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை ரீடிங் எடுக்க வருகிறவருக்கு மட்டும் தெரு தெரிகிறது, ஒரு தடவைகூடத் தவறியதில்லை. பணம் கட்ட நாள் தாண்டினால் ஃபியூஸைப் பிடுங்க ஆள் வருகிறது, ஏணியும் வருகிறது. ஒரு கம்பம் இடைவெளிக்குக் கம்பி மட்டும் வரமாட்டேன் என்கிறது.

7. மாற்றித் தாருங்கள்.

கோபத்தில் எழுதிவிட்டேன், மன்னிக்கவும். அடித்துவிட்டு வேறு தாளில் எழுதலாம் என்றேன். கையெழுத்துப் போட வந்த பெண்கள், இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

நாங்கள் கேட்பது பெரிதல்ல. மூன்றாவது கம்பத்திலிருந்து கடைசிக் கம்பம் வரை ஒட்டில்லாத நியூட்ரல் கம்பி. முடியாவிட்டால் அந்த ஒரு இடைவெளிக்காவது. டிரான்ஸ்பார்மர் எர்த் குழி காய்ந்து கிடக்கிறது, கம்பி துருப்பிடித்து நூலாகத் தொங்குகிறது, அதையும் பார்க்க வேண்டும். தென்னை மட்டை உரசுகிற இடத்தில் வெட்டிவிட வேண்டும், அதற்கு எங்கள் ஆட்களே வருகிறார்கள், லைன் நிறுத்திக் கொடுத்தால் போதும். குழி தோண்டவும் வருகிறோம்.

மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 42(5) இன்படி நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம் இருக்கிறது, அங்கே போங்கள் என்று ஒரு வக்கீல் குமாஸ்தா சொன்னார். போகத் தெரியாமல் இல்லை. ஒரு நாள் போனால் ஒரு நாள் மாவு போகும், அதனால் தங்களிடமே முதலில் கேட்கிறோம். ஐப்பசி அடைமழை பிடித்துவிட்டது. கார்த்திகை பிறந்தால் ஆரியங்காவு, அச்சன்கோவில், குளத்துப்புழை என்று போகிற சாமிமார் வண்டிகள் ராத்திரி பகல் ஓடும், கடைகளில் இரண்டு மடங்கு மாவு கேட்பார்கள். அப்போது மூன்றரை மணி போதாது, இரண்டு மணிக்கே எழ வேண்டியிருக்கும். நான் எழுந்துகொள்வேன். பிள்ளையை எழுப்ப மனசு வரவில்லை ஐயா. கார்த்திகைக்கு முன்னால் அந்தக் கம்பியை மாற்றித் தாருங்கள்.

நேரில் பார்க்க வருவதானால் பகலில் வர வேண்டாம், பகலில் பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பது போலத்தான் தெரியும். விடியற்காலை நாலு மணிக்கு வாருங்கள். வாசலில் லைட் எரியும், பிள்ளை நின்றுகொண்டிருப்பாள். அவளிடம் பேச்சுக் கொடுக்காமல் நேரே உள்ளே வந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மாவு அரைக்கும் வீட்டுக்காரி
மற்றும் வாய்க்கால்கரைத் தெரு 14 வீட்டார் (கையெழுத்தும் கைநாட்டும் பின்பக்கம்)

இணைப்பு: முந்தைய மூன்று மனுக்களின் நகல், பழுதான பொருள்களின் பட்டியல், கருகிய ஈஎல்சிபி இரண்டு, தனிக் கவரில். திருப்பித் தர வேண்டாம்.