ஆடு மேய்ப்பது அவ்வளவு இளப்பமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஆகஸ்ட் மாதம் நடக்கும் விவசாயக் கண்காட்சி பற்றி சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். செம்மறிக் குட்டியோடு களத்தில் நின்று பரிசு வாங்கிய பள்ளி மாணவியைப் பற்றி நல்லபடியாகத்தான் எழுதிக்கொண்டு வந்தார் உங்கள் கட்டுரையாளர். முடிக்கும்போது, நம் ஊரில் படிப்பு ஏறாத பிள்ளையை ஆடு மேய்க்கப் போ என்று திட்டுவோம், அங்கே அதற்கே மேடை போட்டு மரியாதை செய்கிறார்கள் என்று ஒரு வரி. மற்றவர்கள் சிரித்திருக்கலாம். எங்கள் வீட்டில் யாரும் சிரிக்கவில்லை.

நாங்கள் தலைமுறை தலைமுறையாகக் கரிசல் காட்டில் செம்மறி வளர்ப்பவர்கள். வெள்ளை உடம்பில் செம்பொட்டு விழுந்த வேம்பூர் ஆடு எங்களுடையது. அந்த ஆட்டு வருமானத்தில் படித்த என் மகன் இன்று அயோவாவின் தலைநகர் டி மொயினில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான். அவன் கூட்டிப்போய் அந்தக் கண்காட்சியை நானும் நேரில் பார்த்திருக்கிறேன். 1854-ல் தொடங்கியது, 11 நாளில் பத்து லட்சம் பேருக்கு மேல் வந்துபோகிற இடம். ராட்டினம், தீனிக்கடை என்று மகன் கூப்பிட்டான். நான் செம்மறிக் கொட்டகையை விட்டு நகரவில்லை.

ஆட்டுக்கு ஒரு போட்டி, ஆட்டைக் கையாளும் பிள்ளைக்குத் தனியாக ஒரு போட்டி. நான் பார்த்தது இரண்டாவது. கழுத்தில் கயிறு கிடையாது. குட்டியின் தாடைக்கு அடியில் கையைக் கொடுத்து, நெஞ்சில் முழங்காலை அணைத்து, நாலு காலும் சதுரமாக ஊன்றும்படி நிறுத்த வேண்டும். நடுவர் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் அவருக்கும் பிள்ளைக்கும் நடுவில்தான் ஆடு இருக்க வேண்டும். அவர் முதுகையும் இடுப்பையும் விரலால் அமுக்கிப் பார்க்கும்போது ஆடு நெளியக்கூடாது. என்ன தீனி, என்ன எடை, பல்லை வைத்து வயதை எப்படிச் சொல்வாய் என்று கேள்வி வேறு. மே மாதத்துக்குள் காதுத்தோடு போட்டுப் பதிந்து, தானே தீனி வைத்து, நோட்டில் கணக்கெழுதி வளர்த்த குட்டிகள். விற்பனைக்கென்று வளர்த்தவை கடைசியில் கறிக்குத்தான் போகும். அது தெரிந்தே குட்டியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்ற பிள்ளைகளைப் பார்த்தேன். இந்த அறிவுக்குத்தான் ஐயா பரிசு. அதை ஏதோ வேடிக்கை போல எழுதிவிட்டார் உங்கள் கட்டுரையாளர்.

கொட்டகையில் ஒரு பையன் ஆட்டின் கீழ் இமையைத் திருப்பி, ஐந்து நிறம் அச்சிட்ட அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். உள்பக்கம் வெளுத்திருந்தால் வயிற்றில் ரத்தம் குடிக்கும் புழு இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் உருவான முறை என்று மகன் விசாரித்துச் சொன்னான். எனக்கு அந்த அட்டை மட்டும்தான் புதிது. கோடை விடுமுறையில் கிடையில் இருக்கும் என் பேத்தி, மந்தையில் பின்தங்கி வருகிற ஆட்டைப் பிடித்துச் செய்கிற முதல் வேலையே அதுதான். போன ஐப்பசி மழையில் உதடு வீங்கி எச்சில் ஒழுக நின்ற ஆட்டை, நீலநாக்கு நோய் என்று சொல்லித் தனியே பிரித்துக் கட்டியவள் அவள். மருத்துவர் வந்து அதையேதான் சொன்னார். அவளுக்கு யார் பரிசு ரிப்பன் குத்தினார்கள்? கணக்கில் மதிப்பெண் குறைந்த அன்று வகுப்பில் எல்லார் முன்னாலும், நீ ஆடு மேய்க்கத்தான் லாயக்கு என்று திட்டு வாங்கிக்கொண்டு வந்தாள். இப்போது சீருடையோடு கிடைப்பக்கம் வருவதில்லை. வாடை ஒட்டிக்கொள்ளுமாம். அந்த வகுப்பறையில் விழுந்த வார்த்தையைத்தான் நீங்களும் அச்சில் போட்டிருக்கிறீர்கள்.

அங்கே எல்லாம் சுத்தம் என்று சொல்ல வரவில்லை. கிளென்பியூட்டரால் என்ற மருந்தைக் கொடுத்துக் குட்டிக்குச் சதை ஏற்றி 1990-களில் பிடிபட்டவர்கள் உண்டு. ஆனால் பிள்ளைகளுக்கு அந்த மரியாதை தானாக வரவில்லை. 1902-ல் ஒஹையோ மாநிலத்தில் ஒரு பள்ளி அதிகாரி பிள்ளைகளுக்காகத் தொடங்கிய விவசாயச் சங்கம், பல்கலைக்கழகத்தின் விவசாய அறிவை ஊர்களுக்குக் கொண்டுபோக 1914-ல் வந்த சட்டம், அயோவாவின் 99 கவுண்டிகளிலும் (நம் மாவட்டம் மாதிரி) பல்கலைக்கழகத்தின் ஆட்கள் என்று கட்டி எழுப்பியிருக்கிறார்கள். நம்மிடமும் கால்நடைப் பல்கலைக்கழகம் இருக்கிறது, மேச்சேரி ஆட்டுக்குப் பொட்டனேரியில் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளைக் கூப்பிட்டு, உனக்குத் தெரிந்ததைச் செய்து காட்டு என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

ஆட்டுக்காரன் உங்கள் பத்திரிகையில் எப்போது வருகிறான்? தீபாவளிக்கும் பக்ரீத்துக்கும் முந்தின வாரம். எட்டயபுரம் சந்தையில் இத்தனை கோடிக்கு விற்பனை என்று தலைப்பு. அதில் வளர்த்தவன் கைக்கு எவ்வளவு வந்தது என்று ஒரு வருஷமாவது கேட்டதுண்டா? சனிக்கிழமை சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுகிறார்கள் தரகர்கள். பக்கத்தில் நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது; பல நேரம் ஆட்டுக்கு உரியவனுக்கே தெரியாது. அயோவாவில் நடுவர் அமுக்கிப் பார்த்த அதே முதுகை இங்கே தரகர் அமுக்கிப் பார்ப்பார். தராசு மட்டும் இருக்காது.

மேய்ச்சல் தரை போன கதை தங்களுக்குத் தெரியாததல்ல. 2022-ல் வனத்துக்குள் மேய்ச்சலுக்கு உயர் நீதிமன்றம் தடை சொன்னபோது மலைமாட்டுக்காரர்கள் படும் பாட்டை எழுதினீர்கள், நன்றி. கண்மாய்ப் புறம்போக்கும் தரிசும் கம்பி வேலிக்குள் போய், எங்கள் ஆடுகள் தார்ச்சாலை ஓரத்தில் லாரிகளுக்கு நடுவே மேய்வதை யாரும் எழுதவில்லை. 2026-ஐ மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்கும் உரிய ஆண்டாக ஐ.நா. அறிவித்தது. அதை வைத்தாவது எழுதியிருக்கலாம்.

இன்னொன்று. மாணவியின் படத்துக்குக் கீழே, வெள்ளாட்டுக் குட்டியுடன் என்று போட்டிருக்கிறீர்கள். முகமும் காலும் கறுத்த அது சஃபோக் வகைச் செம்மறி. ரோமத்தை ஒட்டக் கத்தரித்து வாலையும் நறுக்கியிருந்ததால் தெரியாமல் போயிருக்கும். 2019 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 45 லட்சம் செம்மறி இருக்கின்றன. அதை வளர்க்கிற வீட்டுப் பிள்ளை யாரிடம் காட்டியிருந்தாலும் சொல்லியிருக்கும்.

அடுத்த இதழில் படக்குறிப்பைத் திருத்தி, அந்தக் கடைசி வரிக்கு வருத்தம் தெரிவியுங்கள். தங்கம், காய்கறி விலை போடும் பக்கத்தில், சனிக்கிழமை எட்டயபுரத்தில் குட்டி என்ன விலை, கிடா என்ன விலை போனது என்று ஒரு வரி சேர்க்க முடிந்தால் நல்லது. என் பேத்தியின் பள்ளி நூலகத்துக்கு உங்கள் இதழ் வருகிறது.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்,
எட்டயபுரம் வட்டாரம், தூத்துக்குடி மாவட்டம்